அறிக்கை வாசித்தாயிற்று, அடுத்து என்ன? அமெரிக்கச் சபைகளின் இன நீதிப் பணிக்குப் புதிதாக வருவோருக்கு

ஞாயிறு ஆராதனை முடியும் நேரத்தில் போதகர் ஓர் அறிக்கையை வாசிக்கிறார்: இன அநீதிக்கு எதிராகச் செயல்பட நம் சபை தன் மக்களை அழைக்கிறது. எல்லோரும் கைதூக்கி ஏற்கிறார்கள். அடுத்த வாரம் வாசலில் பதாகை ஏறுகிறது. கீழ்த்தளத்தில் காபி மேஜைக்குப் பக்கத்தில் ஒரு தாள் கிடக்கிறது. விருப்பமுள்ளவர்கள் பெயரும் கைபேசி எண்ணும் எழுதலாம். நீங்களும் எழுதிவிட்டீர்கள்.

அந்தத் தாளில் பெயர் எழுதிய தமிழருக்கான வழிகாட்டி இது. அமெரிக்காவுக்கு வந்து மெதடிஸ்ட், லூத்தரன், பிரஸ்பிட்டேரியன், கத்தோலிக்கம் என ஏதோ ஒரு சபையில் சேர்ந்திருப்பீர்கள். அல்லது உங்கள் கோயிலோ மசூதியோ பக்கத்துச் சபைகளோடு ஒரு கூட்டணியில் இருக்கும். முறை எல்லாருக்கும் ஒன்றுதான். ஃபுளோரிடாவில் 1982-இல் தொடங்கிய டார்ட் என்ற பயிற்சி மையத்தின் வழியில் இயங்கும் சபைக் கூட்டணிகளின் நடைமுறையை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆண்டுக்கு ஒரு சுற்று என்று ஓடும் முறை அது. எந்த மாதத்தில் எது சொதப்பும் என்பதுகூடத் தெரிந்த முறை.

முதலில் அறிக்கையைத் திரும்பப் படியுங்கள்

கையில் ஒரு பென்சிலோடு படியுங்கள். யாரிடம் கேட்கிறோம், என்ன கேட்கிறோம், எந்தத் தேதிக்குள் கேட்கிறோம் என்ற மூன்றும் எங்கே இருக்கின்றன என்று கோடு போடுங்கள். பெரும்பாலான அறிக்கைகளில் கோடு போட ஓர் இடமும் இருக்காது. அதில் கோபப்பட ஒன்றுமில்லை. மூன்றையும் கண்டுபிடிப்பதே உங்கள் குழுவின் முதல் ஆறு மாத வேலை.

இது பழைய நோய். பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் 1688-இல் நான்கு பேர் அடிமை முறைக்கு எதிராக ஒரு மனு எழுதினார்கள். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவுக்குள்ளிருந்தே எழுந்த குரல். மாதக் கூட்டம், விஷயம் கனமானது என்று காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. காலாண்டுக் கூட்டம் ஆண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. ஆண்டுக் கூட்டம் முடிவு சொல்லாமல் ஒதுக்கி வைத்தது. 70 ஆண்டு கழித்து, 1758-இல், பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் வேறு மாதிரி செய்தது. ஜான் உல்மன் உள்ளிட்ட ஒரு குழுவை நியமித்து, அடிமை வைத்திருந்த உறுப்பினர்களின் வீடுகளுக்கு நேரில் அனுப்பியது; ஆளை விற்பவர்களையும் வாங்குபவர்களையும் சபையின் நிர்வாகக் கூட்டங்களிலிருந்து விலக்கியது. 1776-இல் அடிமைகளை விடுவிக்க மறுப்போருக்குச் சபையிலேயே இடமில்லை என்றானது. முதல் மனுவிலும் அறத்துக்குக் குறைவில்லை. எந்த வீட்டுக் கதவை யார் தட்டுவது என்பதுதான் அதில் இல்லை.

எதிர்ப்பக்கத்து உதாரணம் அலபாமா மாநிலத்தின் செல்மா நகரம். 1965 மார்ச் 7 ஞாயிறு அன்று, கருப்பினத்தவரின் வாக்குரிமைக்காக நடந்த ஊர்வலத்தினர் பாலத்தில் போலீஸாரால் அடிக்கப்பட்டார்கள். உடனே நாடெங்கும் உள்ள மதகுருக்களுக்கு மார்ட்டின் லூதர் கிங்கின் தந்தி போனது: செவ்வாய்க்கிழமை ஊர்வலத்துக்குச் செல்மாவுக்கு வாருங்கள். ஊரும் நாளும் செய்ய வேண்டியதும் அதிலேயே இருந்தன. நூற்றுக்கணக்கானோர் கிளம்பிப் போனார்கள். பாஸ்டனிலிருந்து போன யூனிடேரியன் போதகர் ஜேம்ஸ் ரீப் அன்று மாலையே தெருவில் தாக்கப்பட்டு, 11-ஆம் தேதி இறந்தார்.

ஆண்டுச் சுற்று

செப்டம்பர் முதல் நவம்பர் வரை கேட்பது. நவம்பர் கடைசியில் ஒரு பிரச்சினையை ஓட்டுப்போட்டுத் தேர்வது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஆராய்ச்சி. மார்ச், ஏப்ரலில் அதிகாரிகளை மேடையில் உட்காரவைத்துக் கேட்கும் பெரிய கூட்டம். கோடையில் வாக்குறுதியைப் பின்தொடர்வது. நீங்கள் ஜனவரியில் சேர்ந்தால் கேட்கும் கட்டம் முடிந்திருக்கும். ஆராய்ச்சிக் குழுவில் நுழையுங்கள். அங்கே ஆள் எப்போதும் பற்றாது.

ஒன்-டு-ஒன்

இந்தப் பணியின் அடிப்படைக் கருவிக்கு ஒன்-டு-ஒன் என்று பெயர். சபை உறுப்பினர் ஒருவரோடு நேரில், 30 முதல் 40 நிமிடம், ஒரு நோக்கத்தோடு பேசுவது. கேள்வி கேட்டுக் குறிப்பெடுக்கும் கணக்கெடுப்பாக இதை ஆக்கிவிடாதீர்கள்; வெறும் அரட்டையாகவும் விடாதீர்கள். அவருக்கு எது வலிக்கிறது, எதற்காக ராத்திரி தூக்கம் கெடுகிறது, யாருக்காக ஒரு மாலையை ஒதுக்கி வருவார் என்பது தெரிய வேண்டும். முக்கால்வாசி நேரம் அவர் பேசட்டும். எதிரில் நோட்டுப் புத்தகத்தை வைக்காதீர்கள். வெளியே வந்து காரில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு என்றால் மூன்று மாதத்தில் இருபத்தைந்து பேர். ஒரு புதியவருக்கு அது நல்ல கணக்கு.

தமிழர்கள் இங்கே தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. கருப்பினப் பெண்மணி ஒருவர் தன் மகனைப் போலீஸ் நிறுத்திய கதையைச் சொன்னால், நம்மில் பலருக்கு வாயில் முதலில் வருவது "எங்களையும் ஏர்போர்ட்டில் அப்படித்தான் நிறுத்தினார்கள்" என்பது. ஆறுதலுக்குத்தான் சொல்கிறோம், அவர் கதை அங்கேயே நின்றுபோகிறது. "நாங்களும் ஒன்றுமில்லாமல்தான் வந்தோம், படித்து மேலே வந்தோம்" என்பது அதைவிட மோசம். நாம் வந்த வழி அவர்கள் போராட்டத்தில் திறந்தது. நாடு வாரியான பழைய ஒதுக்கீட்டை நீக்கி ஆசியர்களுக்குக் கதவைத் திறந்த குடியேற்றச் சட்டம் கையெழுத்தானது 1965 அக்டோபரில். செல்மா நடந்த அதே ஆண்டில். பிறகு, நமக்குள் பேசும்போது கருப்பின மக்களைக் குறிக்கப் புழங்கும் சங்கேதச் சொற்கள். அவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் தொனி தெரியும்.

இன்னொன்று: கருப்பின உறுப்பினர்களிடம் போய் இனவெறியைப் பற்றிச் சொல்லித்தரச் சொல்லாதீர்கள். அவர்கள் சொல்ல விரும்புவதைக் கேளுங்கள். வரலாறு வேண்டுமென்றால் நூலகம் இருக்கிறது.

வீட்டுக் கூட்டம்

ஒரு வீட்டு வரவேற்பறையில் 8 முதல் 12 பேர், ஒன்றரை மணி நேரம். 12-க்கு மேல் போனால் நான்கு பேர் பேசி மற்றவர்கள் தலையாட்டுவார்கள். 6-க்குக் கீழே போனால் பேசத் தயங்குவார்கள். வட்டமாக நாற்காலி. வழிநடத்துபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். இரண்டும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

கேள்வி ஒன்றே ஒன்று: "இந்த ஊரில் உங்களையோ உங்களுக்கு வேண்டியவர்களையோ கோபப்பட வைத்தது எது?" கருத்துக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். "கல்வி முறையே சரியில்லை" என்று ஒருவர் தொடங்கினால், "உங்கள் வீட்டில் என்ன நடந்தது?" என்று மெல்லத் திருப்புங்கள். எழுதுபவர் ஊர், பள்ளி, ஆண்டு, துறை இவற்றைக் குறிக்க வேண்டும், பெயரை வேண்டாம். பிள்ளைகளைப் பற்றிய விவரம் அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

நம்மவர் வீட்டில் நடந்தால் ஓர் ஆபத்து, சாப்பாடு. எட்டு வகை வைத்தால் முக்கால் மணி நேரம் அதிலேயே போய்விடும். வந்தவர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் போதும்; பிரியாணியைக் கூட்டம் முடிந்த பிறகு வையுங்கள்.

பிரச்சினையைக் கோரிக்கையாக நறுக்குவது

ஊர் முழுக்க நடந்த கூட்டங்களின் குறிப்புகளைச் சேர்த்தால் "இனப்பாகுபாடு" என்ற சொல் நூறு தடவை இருக்கும். அதை யாரிடமும் போய்க் கேட்க முடியாது. இனப்பாகுபாட்டை நிறுத்துங்கள் என்று கவுண்டியின் போலீஸ் தலைவரான ஷெரிஃபிடம் சொன்னால், "நானும் அதற்கு எதிரிதான்" என்று கைகுலுக்கி அனுப்பிவிடுவார். உங்களுக்கு அன்று வெற்றி போலவே தோன்றும்.

நறுக்குவது எப்படி என்பதற்கு ஃபுளோரிடாவின் சபைக் கூட்டணிகள் பல கவுண்டிகளில் எடுத்துக்கொண்ட விஷயத்தையே பார்க்கலாம். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை முதல் தடவையாக ஒரு சிறு குற்றம் செய்கிறது. கடையில் சின்னத் திருட்டு, பள்ளியில் கைகலப்பு. போலீஸ் அந்தப் பிள்ளையை விலங்கிட்டுக் கைது செய்யலாம். அல்லது சிவில் சைட்டேஷன் என்ற பெயரில் அறிமுகமான சீட்டைக் கொடுக்கலாம். சீட்டு என்றால் சமூக சேவை, ஆலோசனை, தேவைப்பட்டால் இழப்பீடு. ஒழுங்காக முடித்தால் கைதுப் பதிவு இல்லை. கைது என்றால் வழக்கு தள்ளுபடியானாலும் பதிவு பின்னாலேயே வரும். வேலை, கல்லூரி, ராணுவம் என்று எந்த விண்ணப்பத்திலும் குறுக்கே நிற்கலாம். ஒரே தவறுக்கு ஒரு பிள்ளைக்குச் சீட்டு, இன்னொரு பிள்ளைக்கு விலங்கு. அந்தத் தேர்வு போலீஸ்காரரின் கையில் இருக்கும்போது நிறம் உள்ளே நுழைகிறது.

இதை யார் தீர்மானிக்கிறார்கள்? ஃபுளோரிடாவில் 2018-இல் வந்த சட்டம், ஒவ்வொரு நீதிமன்ற வட்டாரத்திலும் இப்படி ஒரு திட்டம் இருக்க வேண்டும் என்றது. அரசு வழக்கறிஞரான ஸ்டேட் அட்டர்னி, வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர், நீதிமன்றக் கிளார்க், போலீஸ் துறைகள் எல்லோரும் சேர்ந்து அதை உருவாக்க வேண்டும். ஆனால் எந்தக் குற்றங்கள் அதில் அடங்கும், போலீஸ்காரர் விருப்பத்துக்கு எவ்வளவு இடம் என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். அந்த நுணுக்கத்தில்தான் உங்கள் கோரிக்கை உட்கார வேண்டும். ஷெரிஃபும் ஸ்டேட் அட்டர்னியும் தேர்தலில் ஜெயித்து வருபவர்கள். மக்கள் கூட்டத்துக்குப் பதில் சொல்வார்கள். நகரப் போலீஸ் தலைவர் நியமிக்கப்படுபவர். அவரிடம் கேட்பதோடு அவரை நியமித்த மேயரையோ நகர நிர்வாகியையோ சேர்த்துக் கேட்க வேண்டும். தவறான ஆளிடம் சரியான கேள்வியைக் கேட்டு ஓராண்டை இழந்த கூட்டணிகள் உண்டு.

நறுக்கிய கோரிக்கை இப்படி இருக்கும்: "முதல் தடவை சிறு குற்றம் செய்த எல்லாப் பிள்ளைகளுக்கும், சட்டம் அனுமதிக்கும் எந்தக் குற்றத்தையும் விலக்காமல், கைதுக்குப் பதில் சைட்டேஷன் கொடுக்கும்படி உங்கள் துறையின் எழுத்து வடிவ விதியை ஆகஸ்ட் 1-க்குள் மாற்றுவீர்களா?" பள்ளி திறப்பதற்கு முன்னால் என்பதால் ஆகஸ்ட்.

எண்ணைக் கையில் எடுப்பது

சாட்சியம் கூட்டத்தை எழுப்பும். அதிகாரியை அசைப்பது எண். ஃபுளோரிடாவில் சிறார் நீதித் துறையே கவுண்டி வாரியாகச் சைட்டேஷன் எண்ணிக்கையை வெளியிடுகிறது. அங்கிருந்து தொடங்குங்கள். அதில் இல்லாததை ஆவணக் கோரிக்கையாக எழுதிக் கேளுங்கள். நம்மூர் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவைப் போலத்தான். ஃபுளோரிடாவில் கேட்பவர் பெயரையோ காரணத்தையோ சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை. சாதாரண நகலுக்கு ஒரு பக்கத்துக்கு 15 சென்ட். சில மாநிலங்களில் அங்கே குடியிருப்பவர் மட்டுமே கேட்க முடியும். உங்கள் மாநில விதியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மனுவைச் சுருக்கமாக, கூர்மையாக எழுத வேண்டும். "சிறார் கைது தொடர்பான எல்லா ஆவணங்களும்" என்று கேட்டால் ஆயிரக்கணக்கான பக்கமும் அதைத் தொகுக்கும் ஊழியரின் மணிக்கூலியும் பில்லாக வரும். இப்படி எழுதுங்கள்: குறிப்பிட்ட ஆண்டின் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை, 18 வயதுக்குட்பட்டவர், முதல் தடவை சிறு குற்றம், குற்றத்தின் வகை, இனம், வயது, ஜிப் கோடு, நடந்த இடம் பள்ளியா வெளியா, கைதா சைட்டேஷனா, பெயர் தேவையில்லை, விரிதாள் கோப்பாக வேண்டும். செலவு 25 டாலரைத் தாண்டுமானால் முதலில் தெரிவியுங்கள் என்ற ஒரு வரியைக் கடைசியில் சேருங்கள்.

வந்த எண்ணைக் கணக்குப் போடும்போது பலரும் கீழே போட வேண்டிய எண்ணைத் தவறாகப் போடுகிறார்கள். ஊரின் மொத்தக் கருப்பினப் பிள்ளைகளால் வகுக்கக் கூடாது. சைட்டேஷனுக்குத் தகுதியான பிள்ளைகள் எத்தனை பேர், அதாவது சைட்டேஷன் பெற்றவர்களும் பெற்றிருக்கக்கூடிய கைதானவர்களும் சேர்ந்து எத்தனை பேர் என்பதால் வகுக்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு: தகுதியான பிள்ளைகள் 400. சைட்டேஷன் பெற்றவர்கள் 220, 55 சதவீதம். பாதிக்கு மேல் என்று துறை பெருமைப்படும். இனவாரியாகப் பிரித்தால் வெள்ளையினப் பிள்ளைகள் 200-இல் 140 பேருக்கு, 70 சதவீதம். கருப்பினப் பிள்ளைகள் 200-இல் 80 பேருக்கு, 40 சதவீதம். இந்த இரண்டு எண்ணைத்தான் ஒரு தாளில் பெரிதாக அச்சிட வேண்டும். வேறு எதையும் அந்தத் தாளில் போடாதீர்கள்.

சின்னத் துறைகளில் ஜாக்கிரதை. ஏழே பிள்ளைகள் உள்ள இடத்தில் ஒரு பிள்ளை மாறினால் 14 சதவீதம் மாறும். அங்கே சதவீதம் பேசினால் அதிகாரி உங்கள் மொத்தக் கணக்கையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுவார். மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள், இல்லையென்றால் எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள்.

பெரிய கூட்டத்துக்கு முன் அந்த அதிகாரியைக் குறைந்தது இரண்டு தடவை அலுவலகத்தில் சந்தியுங்கள். நான்கைந்து பேர் போதும். அதில் ஒருவர் போதகராக இருக்கட்டும். அவர் தரப்புக் காரணத்தைக் கேளுங்கள். ஒருவேளை திட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்குப் பணம் இல்லாததுதான் தடையாக இருக்கலாம். அப்படியானால் கோரிக்கை கவுண்டி ஆணையர்களுக்குப் போக வேண்டும். மேடையில் கேட்கப்போகும் கேள்விகளை முன்கூட்டியே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஒளித்து வைத்துக் கேட்டால் "இப்போதுதான் கேள்விப்படுகிறேன்" என்பார். அது நியாயமான பதிலாகவும் இருக்கும்.

நெகேமியா கூட்டம்

பெரிய கூட்டத்துக்கு இந்தக் கூட்டணிகள் வைத்திருக்கும் பெயர் நெகேமியா ஆக்‌ஷன். நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள், அதன் வடிவம் முழுக்க அங்கே இருக்கிறது. பஞ்சத்தில் வயலை அடகு வைத்து, பிள்ளைகளை அடிமையாகக் கொடுத்த ஜனங்கள் முறையிடுகிறார்கள். நெகேமியா பெரிய சபையைக் கூட்டுகிறார், வட்டி வாங்கிய பிரபுக்களை எதிரே நிறுத்துகிறார், திருப்பிக் கொடுக்கிறோம் என்று அவர்கள் வாயால் சொல்லவைக்கிறார், அதோடு விடாமல் ஆசாரியர்களை அழைத்து ஆணையும் வாங்குகிறார்.

ஆள் சேர்ப்பது கணக்கு வேலை. குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் தன்னோடு மூன்று பேரை அழைத்து வர ஒப்புக்கொள்கிறார். பெயரை எழுதி வாங்குங்கள். "ஒரு பத்துப் பேராவது வருவாங்க" என்பது எண் ஆகாது. முதல் நாள் மாலை ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, யார் காரில் வருகிறார்கள் என்று கேளுங்கள். கார் முடிவானவர் வருவார். "பார்க்கிறேன்" என்றவரைப் பாதியாகக்கூட எண்ண வேண்டாம்.

நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரம், சொன்ன நிமிடத்தில் தொடக்கம். ஜெபம், பாதிக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் இரண்டு நிமிடச் சாட்சியம், எண்களின் ஒரு நிமிட விளக்கம், பிறகு அதிகாரியிடம் கேள்வி. எல்லாம் எழுதப்பட்ட வசனம். அதை மேடையில் மாற்றக் கூடாது. கேள்விக்கு "ஆம்" அல்லது "இல்லை". அதன் பிறகு விளக்கம் சொல்ல அவருக்கு ஒரு நிமிடமோ இரண்டோ. நேரம் பார்ப்பவர் முன்வரிசையில் அட்டையோடு உட்கார்ந்திருப்பார். மைக் நம் ஆள் கையிலேயே இருக்கும், அதிகாரியின் வாயருகே பிடிக்கப்படும். கையில் கொடுத்துவிட்டால் பதினைந்து நிமிட உரைக்குத் தயாராகுங்கள். "இல்லை" என்றாலும் கூச்சல், கேலி கிடையாது. நன்றி சொல்லி, அடுத்த சந்திப்புத் தேதியைக் கேட்க வேண்டும். அவர் வராமல் போனால் பெயரெழுதிய காலி நாற்காலி மேடையில் இருக்கும். கேள்வி அதைப் பார்த்து வாசிக்கப்படும்.

ஆம், இல்லை என்ற இந்த நெருக்கடி சிலருக்கு, குறிப்பாக மரியாதையில் ஊறிய நம் பெரியவர்களுக்கு, முகம் சுளிக்க வைக்கும். பெரிய மனிதரை அழைத்து வைத்து இப்படியா கேட்பது என்பார்கள். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லைச் சொல்லுங்கள். வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த கடை உணவு மேஜைகளில் உட்கார்ந்து கருப்பின மாணவர்கள் அங்கே போராடிக்கொண்டிருந்தார்கள். 1960 ஏப்ரல் 19 அன்று, மாணவர்களின் வழக்கறிஞர் வீட்டில் குண்டு வெடித்த சில மணி நேரத்தில், ஆயிரக்கணக்கானோர் பேசாமல் நடந்து நகர மன்றத்தின் படிக்கட்டுக்கு வந்தார்கள். மேயர் பென் வெஸ்ட் சொற்பொழிவு ஆற்றத் தொடங்கினார். டயான் நேஷ் என்ற மாணவி குறுக்கிட்டு, நிறத்தை மட்டும் வைத்து ஒருவரை ஒதுக்குவது தவறு என்று நினைக்கிறீர்களா என்று நேராகக் கேட்டார். மேயர் ஆம் என்றார். மே 10-ஆம் தேதி நகர மையத்தின் ஆறு கடைகளில் உணவு மேஜைகள் எல்லாருக்கும் திறந்தன.

அந்த மாணவர்கள் ஒத்திகை பார்த்த இடம் ஒரு மெதடிஸ்ட் ஆலயத்தின் கீழ்த்தளம். பயிற்சி கொடுத்த ஜேம்ஸ் லாசன், நாக்பூரின் ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்று ஆண்டு வேலை பார்த்து, காந்தியின் வழியைக் கற்றுத் திரும்பியவர். ஒருவர் வசைபாடும் வெள்ளையராக நடிக்க, மற்றவர் கை உயர்த்தாமல் உட்கார்ந்து பழகுவார். நீங்களும் ஒத்திகை பாருங்கள். குழுவிலேயே நன்றாக வழுக்கும் ஒருவரை ஷெரிஃபாக உட்காரவைத்து, "நல்ல கேள்வி, ஆனால் சூழ்நிலை சிக்கலானது" என்று இழுக்கச் சொல்லுங்கள். "நன்றி ஷெரிஃப். உங்கள் பதில் ஆமா, இல்லையா?" என்பது குரல் உயராமல் வரும் வரை திரும்பத் திரும்ப.

குடியுரிமை இல்லாதவர் கவனிக்க வேண்டியவை

கூட்டத்துக்குப் போகலாம், பேசலாம், திறந்த கடிதத்தில் கையெழுத்திடலாம், ஆவணம் கேட்கலாம். வாக்காளர் பதிவுப் படிவத்தை மட்டும் தொடாதீர்கள். கூட்ட வாசலில் தன்னார்வலர்கள் புன்னகையோடு நீட்டுவார்கள். கிரீன் கார்டு இருந்தாலும் நீங்கள் குடிமகன் இல்லை. தெரியாமல் கையெழுத்திட்டால்கூட நாடுகடத்தல் வரை போகக்கூடிய விவகாரம் அது. தேர்தலில் ஒரு கேள்வியை வாக்குச்சீட்டில் சேர்க்கக் கோரும் மனுக்களும் பதிவான வாக்காளர்களுக்கானவை. கிரீன் கார்டு இல்லாதவர்கள் வேட்பாளர் யாருக்கும் பணம் கொடுக்கக் கூடாது.

சில சபைகள் சாலை மறியல் போல வேண்டுமென்றே கைதாகும் போராட்டங்கள் நடத்தும். விசாவில் இருப்பவர்கள் அதில் தள்ளி நில்லுங்கள். குற்றம் நிரூபணமாகாத கைதுகூட விசாவைச் சிக்கலாக்கும். ஏற்பாட்டாளரிடம் நேராகச் சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள். மாணவர் விசாவில் இருப்பவர்கள் மேடையேறும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்பது நல்லது.

சபைக்கும் ஒரு வேலி உண்டு. வரிவிலக்குப் பெற்ற மத அமைப்பு வேட்பாளர் யாரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்பது 1954 முதல் உள்ள விதி. பதவியில் இருப்பவரிடம் கொள்கையைக் கேட்பதில் தடையில்லை. தேர்தல் நெருங்கும் மாதங்களில் கூட்டம் வந்தால் ஒருவரை மட்டும் மேடையேற்றாமல் போட்டியிடும் எல்லாரையும் அழையுங்கள்.

மேடை ஏற முடியாதவர்களுக்கு ஒரு வேலை: சபையின் பத்திரம்

வில்லங்கம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கைவந்த கலை. சபையின் நிலத்திலும் போதகர் குடியிருக்கும் வீட்டிலும் நிறக்கட்டு இருந்ததா என்று தேடுவது. இன்னார் இனத்தவருக்கு விற்கவோ குடியமர்த்தவோ கூடாது என்று பத்திரத்திலேயே எழுதும் வழக்கம் 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்க நகரங்களில் பரவியிருந்தது. செயின்ட் லூயிஸில் 1911-இல் எழுதிய அப்படி ஒரு ஒப்பந்தம் உள்ள வீட்டை 1945-இல் ஷெல்லி என்ற கருப்பினக் குடும்பம் வாங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1948-இல், இத்தகைய கட்டுகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றிக்கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பானது. எழுதுவதே சட்டவிரோதமானது 1968-இன் வீட்டுவசதிச் சட்டத்தில்தான்.

கவுண்டியின் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போங்கள். பல இடங்களில் இணையத்திலேயே தேடலாம். இன்றைய பத்திரத்திலிருந்து தாய்ப்பத்திரம் வரை பின்னோக்கிப் போக வேண்டும், விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர் அட்டவணைகளை வைத்து. 1910-க்கும் 1950-க்கும் இடைப்பட்ட ஒவ்வொரு பத்திரத்தையும் முழுக்கப் படியுங்கள். "காக்கேசியன் இனத்தவர் தவிர" என்ற சொற்கள் பெரும்பாலும் கழிவுநீர்க் குழாய், வேலி உயரம் பற்றிய பத்திகளுக்கு நடுவே இருக்கும். வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு என்ற வரியும் கூடவே வரும். பத்திரத்தில் இல்லையென்றால் முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். மனைப்பிரிவு முழுவதற்கும் சேர்த்துத் தனியாக ஒரு கட்டுப்பாட்டு ஆவணம் பதிவாகியிருக்கலாம்; மனைப்பிரிவின் பெயரில் தேடுங்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2016-இல் தொடங்கிய ஒரு திட்டம் மினியாபொலிஸ் நகரின் இத்தகைய பத்திரங்களை வரைபடமாகவே போட்டிருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு வேலை பாதி.

கிடைத்தால் நகல் எடுத்து, எழுத்துப்பிரதி ஒன்று தயாரித்து, சபைக் குழுவிடம் முதலில் கொடுங்கள். ஞாயிறு அறிவிப்பில் திடீரென்று வாசிக்க வேண்டாம். மினசோட்டாவில் 2019 முதல் உரிமையாளர் ஒரு படிவம் பதிந்து அந்தக் கட்டை விடுவிக்கலாம். கலிஃபோர்னியாவிலும் திருத்தப் படிவம் உண்டு. பழைய ஆவணம் அழியாது, அழியவும் கூடாது. அது கிடைத்த சபைகளில், நம் வட்டாரத்தில் கருப்பினக் குடும்பங்கள் ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பிறகு யாரும் "அவர்களுக்கு இங்கே வர விருப்பமில்லை" என்று பதில் சொல்வதில்லை.

கூட்டம் முடிந்த பிறகு

கூட்டம் கலைந்த அதே இரவு, அதே கட்டடத்தில், 20 நிமிடம் நின்றபடியே மதிப்பீடு செய்யுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், யார் சொன்ன எண்ணைக் கொண்டுவரவில்லை, அதிகாரி சரியாக என்ன சொன்னார். மூன்றாவது கேள்விக்கு ஒலிப்பதிவு வேண்டும். நினைவு ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி இருக்கும். மறுநாள் காலை நன்றிக் கடிதம் போக வேண்டும், அவர் சொன்ன "ஆம்" அவர் வார்த்தைகளிலேயே அதில் இருக்க வேண்டும்.

பெரும்பாலான வெற்றிகள் கோடையில் கரைகின்றன. ஜூனில் எல்லோரும் ஊருக்குப் போகிறோம். நம்மவர்கள் சென்னைக்கு டிக்கெட் போட்டுவிடுகிறோம். அந்த இடைவெளியில் விதி எழுதப்படும். எழுதும்போது "அலுவலரின் விருப்பத்துக்கு உட்பட்டு" என்ற மூன்று சொற்கள் உள்ளே நுழையும். அதனால் கூட்டத்துக்கு முன்பே கோடைக்கு மூன்று பேரைப் பெயர் சொல்லி நியமித்து வையுங்கள். ஜூலையில் வரைவு விதியைக் கேட்டு வாங்குவது ஒருவர். அதை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுவது இன்னொருவர். மூன்றாமவர் நவம்பர் முதல் வாரத்தில், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலான சைட்டேஷன் எண்ணிக்கையை, அதே விரிதாளின் அதே பத்திகளில், மறுபடி கேட்டு மனு அனுப்ப வேண்டும். தேதியை இன்றே நாட்காட்டியில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.